டெங்குக்குக் காரணம் வைரஸ் என்று எழுதினேன், பாதி மார்க்ஸ்தான் கிடைத்தது

கேணியடி | வியாழன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் மூன்றாம் வருட மருத்துவ மாணவன். உயர்தரம் வரை தமிழ் மீடியம். எனக்கு மொழி விளங்கவில்லையா, விஷயமே விளங்கவில்லையா என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் இங்கே தமிழில் கேட்கிறேன்.

போன வாரம் கொம்யூனிட்டி மெடிசின் டியூட்டோரியல். டெங்குக் காய்ச்சலின் காரணம் என்ன? இதுதான் கேள்வி. டெங்கு வைரஸ், அதில் நான்கு வகை, கடத்துவது ஈடிஸ் ஈஜிப்டி நுளம்பு, அடுத்தபடி ஈடிஸ் அல்போபிக்டஸ் என்று எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில் “மட்டும்தானா?” என்று எழுதி, பத்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். பதொலொஜியில் இதே விடைக்கு முழு மார்க்ஸ் கிடைத்திருக்கும்.

வைரஸ் இல்லாமல் டெங்கு வராது. அதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

இன்னொன்று. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் போடிங். ஆறு பேர் இருக்கிறோம். ஆறு பேரையும் கடிப்பது ஒரே நுளம்புக் கூட்டம்தான். ஆனால் ஒருவனுக்கு மட்டும் வருத்தம், இன்றைக்கு வாட்டில் ஐந்தாம் நாள். மற்ற ஐந்து பேருக்கும் தும்மல்கூட இல்லை. இது எப்படி?

நைட்_டியூட்டி | வியாழன், இரவு 11.15

தம்பி, வைரஸ்தான் காரணம். மற்றதெல்லாம் சோடனை. சோதனைக்கு அவர்கள் கேட்கிற மாதிரி எழுதிவிட்டுப் போ.

நான் இன்டர்ன். இப்போது வாட்டில் இருந்துதான் எழுதுகிறேன். இங்கே ஒருவருக்கு டெங்கு என்றால் நான் பார்ப்பது அவருடைய ஒழுங்கையை அல்ல, பிசிவியை, அதாவது இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்பதை. காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியாகி “துண்டு வெட்டித் தாங்கோ, வீட்டுக்குப் போகிறோம்” என்பார்கள். ஆபத்து தொடங்குவதே அந்த நேரத்தில்தான். இரத்தக்குழாயின் உட்சுவர் இளகி, உள்ளே இருக்க வேண்டிய திரவம் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசியும். சிவப்பணு உள்ளேயே நிற்கும், திரவம் மட்டும் வெளியேறும், பிசிவி ஏறும். 20 வீதம் ஏறினால் கசிவு சரியாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை. குறைவாகச் சேலைன் கொடுத்தால் ஷொக். கூடக் கொடுத்தால் கசிவு நின்று திரவம் திரும்பி வரும்போது நுரையீரலில் தேங்கும்.

சனம் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் பங்குச் சந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் கசிவு.

உன் தோழனுக்கு ஐந்தாம் நாள் என்றால் இதுதான் கவனமான நேரம். உடம்பு வலிக்கிறது என்று யாராவது டிக்ளோபெனாக், ஐபுபுரோபன் கொண்டுபோய்க் கொடுக்காமல் பார்த்துக்கொள். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

பிஎச்ஐ_மட்டக்குளி | வெள்ளி, காலை 6.05

நைட் டியூட்டி டொக்டருக்கு வணக்கம். சோடனை ஆள் வந்திருக்கிறேன்.

19 வருடமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நீங்கள் பார்க்காத ஒழுங்கையைப் பார்ப்பதுதான் என் சம்பளம். நீங்கள் எச் 544 என்ற நோய் அறிவிப்புப் படிவத்தை நிரப்பினால் அது சுகாதார வைத்திய அதிகாரிக்கு வரும், அவரிடமிருந்து எனக்கு வரும். நான் வீடு தேடிப் போய் எச் 411ஐ நிரப்புவேன். வாரம் முடிய எல்லாம் சேர்ந்து எச் 399 ஆகி தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். உங்கள் படிவம் வராவிட்டால் மற்ற இரண்டும் இல்லை.

கேணியடி தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் போடிங்கில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று இருக்கும். கடைசியாக அதை யார், எப்போது இழுத்துப் பார்த்தீர்கள்?

கேணியடி | வெள்ளி, காலை 7.30

அப்படி ஒரு தட்டு இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும் அண்ணை.

பழைய_மாணவி | வெள்ளி, பிற்பகல் 1.20

இதே சிவப்பு மை எனக்கும் விழுந்திருக்கிறது. இப்போது ஒரு பிரிவில் சுகாதார வைத்திய அதிகாரி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வைரஸ் இல்லாமல் டெங்கு இல்லை என்றீர்கள். சரி. அதைத் திருப்பிப் போடுங்கள். வைரஸ் உள்ளே போனால் டெங்கு வருமா? நான்கு பேரின் உடம்பில் புகுந்தால் ஏறத்தாழ மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் போடிங்கில் மற்ற ஐந்து பேருக்கும் தொற்றவில்லை என்று யார் சொன்னது? தொற்றியும் தெரியாமல் போயிருக்கலாம். ஆக வைரஸ் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இந்த இரண்டும் வேறு வேறு என்று பிடிபட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

காசநோயை எடுங்கள். 1882 மார்ச் 24இல் றொபேட் கொக் பெர்லினில் கிருமியை அறிவித்தபோது காரணம் கண்டாயிற்று என்றே உலகம் நினைத்தது. நினைத்ததில் தவறும் இல்லை. ஆனால் இன்றைக்கு உலக மக்களில் கால்வாசிப் பேர் அந்தக் கிருமி தொற்றியவர்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாளியாக மாறுவது 5 முதல் 10 வீதம். யார் அந்த 5, யார் மற்ற 95 என்பதற்குக் கிருமியிடம் பதில் இல்லை. சாப்பாடு, சீனி வருத்தம், எச்ஐவி, புகைத்தல், ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுப்பது, இவற்றைத்தான் கேட்க வேண்டும்.

டெங்குவில் இன்னொரு சிக்கல். முதல் முறை ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு நிர்ப்பீடனம் நிலைக்கும். பிறகு வேறு வகை வரும்போது பழைய பிறபொருளெதிரி அதைப் போய் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. வைரஸ் கலத்துக்குள் நுழையக் கைகொடுத்துவிடும். ஆகவே ஒருவருக்கு வருத்தம் எவ்வளவு கடுமையாகும் என்பதில் பத்து வருடத்துக்கு முன் அவர் எந்த ஊரில் இருந்தார் என்பதற்கும் பங்கு உண்டு.

இதுவும் முழுக்கதை அல்ல. 1980களின் தொடக்கத்திலேயே கொழும்பில் நான்கு வகைகளும் சுற்றிக்கொண்டிருந்ததை ஆய்வுகள் காட்டின. இரண்டாம் தொற்று மட்டும் போதும் என்றால் அப்போதே வாட்டுகள் நிரம்பியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரத்தப்போக்குடன் கூடிய டெங்கு இங்கே பெருகியது 1989க்குப் பிறகுதான். மூன்றாம் வகையின் மரபில் ஏற்பட்ட மாற்றத்தைச் சிலர் காட்டுகிறார்கள். நகரம் வீங்கியதைச் சிலர் காட்டுகிறார்கள். என் எண்ணம், இரண்டும் சேர்ந்துதான்.

தொற்றுநோயியலாளர் கெனத் ரொத்மன் 1976இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். ஒரு நோய் வரப் பல துண்டுகள் சேர்ந்து வட்டம் நிறைய வேண்டும். ஒரு துண்டை உருவினால் அந்த வட்டம் குலையும். எல்லாத் துண்டும் காரணம்தான். அதனால்தான் “இந்தக் காரணத்தால் 60 வீதம், அந்தக் காரணத்தால் 70 வீதம்” என்று கூட்டினால் நூறைத் தாண்டும். கணக்குப் பிழை இல்லை.

நைட்_டியூட்டி | வெள்ளி, பிற்பகல் 2.50

அக்கா, எல்லாமே காரணம் என்றால் எதுவுமே காரணம் இல்லை என்றுதானே ஆகிறது? இரவு 3 மணிக்கு வட்டம் வரைந்துகொண்டிருக்க முடியாது.

2017ஐ நினைத்துப் பாருங்கள். நாடு முழுவதும் 1,86,101 பேர், 440 மரணம். ஆயிரத்துக்கு இரண்டரைகூட இல்லை. ஒரு காலத்தில் நூற்றுக்கு நான்கு பேர் போன நோய். அந்தத் தொகையை இறக்கியது நேரத்துக்கு நேரம் பிசிவி பார்த்து அளந்து கொடுத்த சேலைன். பூச்சாடியைக் கவிழ்த்தது அல்ல.

பிஎச்ஐ_மட்டக்குளி | வெள்ளி, பிற்பகல் 3.10

வந்தவர் சாகாமல் இருந்ததற்கு நீங்கள் காரணம், அதற்குக் கும்பிடு. ஆனால் 1,86,101 பேர் ஏன் வந்தார்கள்? அதையும் சேலைன் சொல்லுமா?

வெள்ளவத்தை_அம்மா | வெள்ளி, மாலை 5.45

டொக்டர்மார் கதைக்கிற இடத்தில் நான் நுழையலாமோ தெரியாது. எங்கள் தொடர்மாடியில் போன வருடம் பரிசோதகர் ஒருவர் வந்து என் பல்கனியில் மணி பிளான்ட் போத்தலைப் பிடித்தார். எச்சரிக்கைத் துண்டு தந்தார். சரி, என் பிழைதான். பக்கத்து வளவில் கட்டிக்கொண்டிருக்கும் மாடிக்கு லிப்ட் குழி தோண்டி, அதில் எட்டு மாதமாகத் தண்ணீர். அதைப் பற்றிக் கேட்டால், “பார்க்கிறோம் அம்மா” என்றார். இந்த வட்டத்தில் என் போத்தல் எவ்வளவு பெரிய துண்டு, அந்தக் குழி எவ்வளவு பெரிய துண்டு? அதை யார் வெட்டுவது?

கிட்டங்கி | வெள்ளி, மாலை 6.20

அம்மா கேட்டதுதான் இந்த இழையிலேயே சரியான கேள்வி. 2017 ஏப்ரல் 14இல் மீத்தொட்டமுல்லை குப்பைமேடு சரிந்த பிறகு கொழும்பில் குப்பை அள்ளுவது எப்படித் தடுமாறியது என்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே வருடம்தான் மேலே சொன்ன எண்ணிக்கை. யோகட் கோப்பையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு துண்டுப்பிரசுரம் கொடுத்தால், ஊர்க் குப்பைக்கு யார் துண்டுப்பிரசுரம் கொடுப்பது? காரணம் என்று எதைச் சொல்கிறோமோ, பழி அங்கேதான் போய் விழுகிறது. படிக்கிற பிள்ளைகள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, மாலை 6.40

எந்த ஆட்சி, எந்தக் கட்சி என்று போகாதவரை இழை திறந்திருக்கும்.

பிஎச்ஐ_மட்டக்குளி | வெள்ளி, இரவு 8.15

அம்மா, மனத்தாங்கல் நியாயம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு உற்பத்தித் தடுப்புச் சட்டம் பல்கனிக்கும் ஒன்றுதான், கட்டடத் தளத்துக்கும் ஒன்றுதான். நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கட்டடக்காரரின் கேட்டைத் திறக்க வைப்பதும் உங்கள் கதவைத் திறக்க வைப்பதும் ஒன்றல்ல. அதை மறைக்க மாட்டேன்.

தொழில்முறையில் இரண்டு விஷயம். ஒன்று, போத்தல் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஈடிஸ் முட்டையைத் தண்ணீரில் இடாது, தண்ணீர் விளிம்பை ஒட்டி ஈரச் சுவரில் இடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உட்புறத்தை உரசிக் கழுவ வேண்டும், கிழமைக்கு ஒரு முறை. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள், கிழமைக் கணக்கு அதிலிருந்து வந்தது.

இரண்டாவது, புகை. புகையடித்தால் சனத்துக்குச் சந்தோஷம், “வேலை நடக்கிறது” என்பார்கள். பறக்கிற நுளம்பில் ஒரு பகுதி சாகும். குடம்பி அப்படியே இருக்கும், அடுத்த கிழமை புதுப் பட்டாளம் வரும்.

கணக்கு_வாத்தி | வெள்ளி, இரவு 9.30

நான் டொக்டர் இல்லை, புள்ளிவிபரம் படிப்பிக்கிறவன். “சேலைன்தான் மரணத்தை இறக்கியது” என்று இன்டர்ன் தம்பி அடித்துச் சொன்னதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் முன்னொரு காலத்தில் கடுமையானவர்கள் மட்டும் கணக்கில் வந்து, இப்போது இலேசானவர்களும் பரிசோதனையால் கணக்கில் வந்தாலும் அந்த வீதம் இறங்கும். கீழே உள்ள எண் பெருத்தாலும் பின்னம் சிறுக்கும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய சண்டை உண்டு. 1946இல் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்தார்கள். 1947இல் ஏறத்தாழ 14. ஒரே வருடத்தில் இப்படி விழுவது உலகத்திலேயே அபூர்வம். மலேரியா நுளம்பைக் கொல்ல டிடிரி என்ற பூச்சிகொல்லியை அடிக்கத் தொடங்கியதும் அதே காலம். முன்பின் பார்க்காமல் “டிடிரியின் அற்புதம்” என்று எழுதினார்கள். அப்புறம் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தால், மலேரியா அதிகம் இல்லாத இடங்களிலும் இறப்பு இறங்கியிருக்கிறது. யுத்தம் முடிந்து சாப்பாடு கிடைக்கத் தொடங்கிய காலம், ஆஸ்பத்திரிகள் பெருகிய காலம், புதிய மருந்துகள் வந்த காலம். டிடிரிக்கு எத்தனை பங்கு என்று ஆராய்ச்சிக்காரர்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். மலேரியா மாவட்டங்களில் வீழ்ச்சி கூடுதலாக இருந்ததால் டிடிரிக்கும் நல்ல பங்கு உண்டு என்பது என் தீர்ப்பு. முழுப் பங்கும் அதற்கே என்பவரோடு தேநீர் குடிக்கலாம், உடன்பட முடியாது.

ஓய்வு_டொக்டர் | சனி, காலை 5.20

கணக்கு வாத்தியாரே, டிடிரிக்கு 12 வருடம் முந்திப் போங்கள்.

1934இல் தென்மேற்கு மழை பொய்த்தது. மழை பெய்தால்தான் நுளம்பு என்று நினைக்கிறோம். அங்கே நடந்தது தலைகீழ். மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் ஓட்டம் நின்று, மணலில் வெயில் படுகிற தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. மலேரியாவைக் கடத்தும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு விரும்புவது அதைத்தான். அது வழக்கமாக மழை நிறைந்த பகுதி, மக்களுக்கு மலேரியா பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை. வறட்சியால் பயிரும் போய் வயிறும் காய்ந்திருந்தது. ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். நிரந்தரமாக மலேரியா இருந்த வறண்ட பகுதியைவிட கேகாலை, குருநாகல் பக்கம்தான் சாவு குவிந்தது. ஒட்டுண்ணி எப்போதும் நாட்டில் இருந்தது. அந்த வருடம் ஏன் என்பதற்கு ஒட்டுண்ணியை மட்டும் வைத்துப் பதில் எழுத முடியுமா? கேணியடி தம்பியின் மிச்ச ஐந்து மார்க்ஸ் அங்கே இருக்கிறது.

1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள். வேலை முடிந்தது என்று கையைத் தளர்த்தினார்கள். 1969இல் 5 இலட்சத்துக்கு மேல். மழை குறைந்ததும் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் நின்றதும் அதற்கு உதவின. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் 2016 செப்டெம்பரில். இப்போது நுளம்பு உண்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற ஒட்டுண்ணியும் உண்டு, நோய் மட்டும் பரவவில்லை. மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து எனக்கு நித்திரை குறைவு. கிணற்றிலும் தண்ணித் தொட்டியிலும் வளர்கிற நகரத்து நுளம்பு அது.

கொழும்புக்காரருக்கு இன்னொன்று. 1914இல் இங்கே பிளேக் வந்தது. புறக்கோட்டைப் பக்கத்து தானியக் கிட்டங்கிகளைச் சுற்றி எலியும் செத்தது, ஆளும் செத்தது. ஆனால் எலி இருந்த இடமெல்லாம் பிளேக் பரவவில்லை. நகரசபை நுண்ணுயிரியலாளர் பேபியன் ஹேர்ஸ்ட் தெள்ளுகளைப் பிடித்துப் பார்த்தார். எலியின் மேல் இரண்டு வகைத் தெள்ளு, வெறும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். அதில் ஸெனொப்சில்லா கியோபிஸ் பிளேக்கை நன்றாகக் கடத்தும், அஸ்டியா கடத்துவது மிகக் குறைவு. கொழும்பில் பரவலாக இருந்தது அஸ்டியா. பாதி நகரம் தப்பியது ஒரு தெள்ளின் இனத்தால்.

கிட்டங்கி | சனி, காலை 8.00

டொக்டர் ஐயா, என் பெயர் சும்மா வைத்ததில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தப் பக்கத்தில் அரிசி மொத்த வியாபாரம். இது இன்றைக்குத்தான் தெரியும். இனி எலிப்பொறியை வேறு மாதிரிப் பார்ப்பேன்.

சுபா_4ஆம்வருடம் | சனி, காலை 9.10

எல்லாம் கிருமிக் கதையாகவே போகிறது. நம் நாட்டு மரணங்களில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால். அதற்கு வைரஸும் இல்லை, தெள்ளும் இல்லை. பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி நோயா, பழக்கமா?

தொற்றுநோயியலாளர் ஜெப்ரி ரோஸ் 1985இல் எழுதியதைக் கேணியடி கட்டாயம் வாசிக்க வேண்டும். இவருக்கு ஏன் பிரஷர் என்பது ஒரு கேள்வி. இந்த ஊருக்கே ஏன் இவ்வளவு பிரஷர் என்பது வேறு கேள்வி. மிக உயர்ந்த பிரஷர் உள்ளவர்கள் சிலர், கொஞ்சம் கூடினவர்கள் ஏராளம். பாரிசவாதத்தில் விழுகிறவர்களில் பெரும்பங்கு அந்த ஏராளத்திலிருந்து வரும். கிளினிக்கில் முதல் கூட்டத்தைத்தான் பார்ப்போம். 2016இலிருந்து குளிர்பானப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்களே, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு என்று, அது இரண்டாவது கூட்டத்துக்கான வைத்தியம்.

கேணியடி | சனி, காலை 9.40

அக்கா, ஒரு கிளைக் கேள்வி. வைத்தியம் நன்றாக இருந்தால் சீனி வருத்தக்காரர் தொகை குறையத்தானே வேண்டும்? ஏன் கூடிக்கொண்டே போகிறது?

கணக்கு_வாத்தி | சனி, காலை 10.05

காலி வீதியில் 100 பஸ் பார்த்திருப்பாய். ஒவ்வொரு தரிப்பிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது புதிய நோயாளர் வீதம். உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது நிலவும் தொகை. இன்சுலின் இல்லாத காலத்தில் ஏறினவர் இரண்டு தரிப்பில் இறங்கிவிட்டார், எப்படி இறங்கினார் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஏறினவர் கோட்டை வரை வருகிறார். ஏறுவது கூடாவிட்டாலும் பஸ் நிறையும். நம் ஊரில் ஏறுவதும் கூடிவிட்டது, அது வேறு.

பஸ் நிறைகிறது என்று பதறி எல்லோரையும் பிடித்துச் சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. நோயுள்ளவரில் 90 வீதத்தைப் பிடிக்கிற, இல்லாதவரில் 90 வீதத்தை விடுவிக்கிற ஒரு சோதனை என்று வைத்துக்கொள். நூற்றுக்கு ஒருவருக்கு நோய் உள்ள ஊரில் ஆயிரம் பேரைச் சோதித்தால், நோயுள்ள பத்துப் பேரில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் 99 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். “உண்டு” என்று வந்த 108 பேரில் உண்மையானவர் 9 பேர்தான். அதே சோதனையைப் பாதிப்பேருக்கு நோய் இருக்கிற வாட்டில் செய்தால் பத்தில் ஒன்பது உண்மை. சோதனை மாறவில்லை, யாரிடம் செய்தோம் என்பதுதான் மாறியது.

நைட்_டியூட்டி | சனி, பகல் 12.30

இது வாட்டிலும் உண்டு. காய்ச்சலின் முதல் மூன்று நாளுக்குள் செய்யும் டெங்கு என்எஸ்1 சோதனையும் (இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடுவது) ஆறாம் நாள் செய்வதும் ஒன்றல்ல. பிந்திப்போய்ச் செய்து “இல்லை” என்று வந்த துண்டோடு டெங்கு இல்லை என்று வீட்டில் இருந்து, ஷொக்கில் வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு வயதானவர் டெங்குவோடு வந்தார், காய்ச்சல் மூன்றாம் நாள். நல்லபடியாகத் தேறினார். எச் 544ஐ நான் அவர் துண்டு வெட்டும் நாளில்தான் நிரப்பினேன், அதாவது ஆறு நாள் கழித்து. சந்தேகம் வந்த உடனேயே அனுப்ப வேண்டும் என்று தெரியும். இரவு வேலையில் 30 நோயாளி, அது கடைசி வேலையாகிவிடும். அதே ஒழுங்கை முகவரியோடு இரண்டு பேர் பிறகு வந்தார்கள். ஒருவர் முதலாமவர் வந்து 15ஆம் நாள், மற்றவர் 17ஆம் நாள். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பிஎச்ஐ_மட்டக்குளி | சனி, பிற்பகல் 1.00

நுளம்புக்குள் வைரஸ் பழுக்க 8 முதல் 12 நாள். கடித்த பிறகு ஆளுக்குக் காய்ச்சல் காய 4 முதல் 7 நாள். கூட்டினால் 12 முதல் 19.

டொக்டர், அன்றைக்கே படிவம் வந்திருந்தால் அந்த எட்டு நாளுக்குள் எங்கள் ஆட்கள் அந்த ஒழுங்கையில் நின்றிருப்பார்கள். குற்றம் சொல்லவில்லை. எங்களுக்கு வந்த படிவம் எங்கள் மேசையில் தூங்கின கதையும் என்னிடம் உண்டு.

கணக்கு_வாத்தி | சனி, பிற்பகல் 1.25

மூன்று பேரை வைத்து நிரூபித்தாயிற்று என்று சொல்லாதீர்கள். அந்த ஒழுங்கையில் அறிகுறி இல்லாமல் தொற்றினவர்கள் வேறு இருந்திருக்கலாம், பின்னிரண்டு பேரும் வேலை இடத்தில் கடி வாங்கியிருக்கலாம். நாள் பொருந்துகிறது என்பது வரை சரி.

பழைய_மாணவி | சனி, பிற்பகல் 2.40

பொருந்தினால் போதும் வாத்தியார். ஒழுங்கைக்கு ஆள் அனுப்ப எனக்கு நிரூபணம் தேவையில்லை, சந்தேகம் போதும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த வேலை அப்படித்தான்.

இன்டர்ன் தம்பி முன்பு கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். எல்லாம் காரணம் என்றால் எதைத் தொடுவது? உங்கள் கை எதை எட்டுகிறதோ அதை. உங்களுக்குக் கசிவு, பரிசோதகருக்குத் தண்ணீர் தேங்கும் கூரைப் பீலி, எனக்குப் படிவம் வந்து சேரும் நேரம், அந்த அம்மாவின் பக்கத்து லிப்ட் குழிக்கு நீதிமன்றம். கேணியடி, விடைத்தாளில் கிருமி, ஆள், சூழல் மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றிலும் யார் எதை மாற்றலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஐந்துக்கு மேல் கிடைக்கும். பத்து கிடைக்காது, அந்தச் சிவப்பு மையை எனக்குத் தெரியும்.

கேணியடி | ஞாயிறு, காலை 11.50

தோழன் நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டான். பிசிவி இறங்கி, பிளேட்லெட் ஏறத் தொடங்கி, சோறு கேட்கிறான்.

இன்று காலை குளிர்சாதனப் பெட்டியை இழுத்தோம். தட்டில் தண்ணீர் இருந்தது, புழு இல்லை, கரப்பான் இருந்தது. அப்புறம் போடிங் அன்ரியிடம் கேட்டு, கோயிலில் ஏணி இரவல் வாங்கிக் கூரைப் பீலியைப் பார்த்தோம். மாவிலை அடைத்து ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர். கறுப்புத் தண்ணீர் என்று நினைத்தேன், டோர்ச் அடித்தால் நெளிகிறது. ஒரு போத்தலில் பிடித்து வைத்திருக்கிறேன். பிஎச்ஐ அண்ணை, இதை யாரிடம் கொடுப்பது? அன்ரிக்கு வழக்கு வருமா? நல்ல மனுசி, வாடகை பிந்தினாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பிஎச்ஐ_மட்டக்குளி | ஞாயிறு, பகல் 12.10

முதலில் போத்தலை இறுக்கி மூடுங்கள், சீலை கட்டி வைக்காதீர்கள். இரண்டு நாளில் பறந்துவிடும். நாளைக் காலை உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முகவரியோடு கொடுங்கள். பீலியில் இலையை அள்ளினால் போதாது, தேய்க்க வேண்டும். முட்டை ஒட்டியிருக்கும். தானாகவே சொல்லித் துப்புரவாக்கின வீட்டுக்கு நான் வழக்குப் போட்டதில்லை. மற்றவர்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

வெள்ளவத்தை_அம்மா | ஞாயிறு, பிற்பகல் 4.30

தம்பி, அந்த ஏணியைக் கோயிலில் திருப்பிக் கொடுத்தாச்சா? இல்லையென்றால் இரண்டு நாளுக்கு எங்கள் தொடர்மாடிக்குத் தரலாமா? எங்கள் பீலியை ஆறு வருடமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை.